தடுப்பூசி போட்ட பிள்ளைக்குச் சோறு வேண்டாமா?

விதையைப் பீஜாமிர்தத்தில் தோய்த்து நட்டால் பசளையே தேவையில்லையாம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இருந்துகொண்டு இந்த ரீலைப் பகிருகிற நண்பர்களே, விதைப் பரிகரணம் (தமிழ்நாட்டில் விதைநேர்த்தி) எதுக்குச் செய்யிறது என்று ஒரு கமக்காரரிடம் ஒருக்காலாவது கேட்டீங்களா?

20 லீற்றர் தண்ணியில் 5 கிலோ சாணம், 5 லீற்றர் கோசலம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு பிடி மண். இதுதான் பீஜாமிர்தம். பரப்பினவர் மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர், எங்கட பாட்டன் இல்லை. முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைத்து, அதில் நெல்லைப் போட்டுப் பதரை அள்ளுற முறையை 1882இல் ஜப்பானில் யோக்கோய் தொக்கியோஷி உருவாக்கினார். நல்ல முறைதான், பாரமான நெல் திடமான நாற்றைத் தரும். ஆனா "தமிழன் கண்டுபிடித்தான்" என்று முத்திரை குத்தினால்தான் வேலை செய்யுமா? உழுந்து, பயறு விதையைச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைக்கிறது வீட்டுப் பழக்கம். வண்டு அண்டாது.

ஒன்று பதரைக் கழிக்குது, ஒன்று வண்டைத் தடுக்குது, மற்றது முளையைப் பங்கசிலிருந்து காக்கத்தான். ஒரு போகத்துக்கு நெல்லுக்கு வேண்டிய நைதரசனை இதில் எதுவும் தராது. தடுப்பூசி போட்டாச்சு என்று பிள்ளைக்குச் சோறு போடாம விடுவீங்களா?

விட்டார்கள். சேதனப் பசளைக்குப் பத்து வருசத்தில் மாறுவோம் என்று 2019 விஞ்ஞாபனத்தில் சொன்ன கோட்டாபய, 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார். அப்பவும் இதே "பாரம்பரியம்" கதைதான். நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோகம் தொடங்கியிருந்தது. விளைச்சல் விழுந்தது, நாடு அரிசி இறக்குமதி செய்தது. நட்டம் வயலில் நின்றவனுக்கு. மேடையில் கதைச்சவனுக்கு ஒன்றும் இல்லை. இயற்கை விவசாயம் என்ற சொல்லைக் கேட்டாலே கமக்காரர் முகம் சுழிக்கிற நிலைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கூத்துத்தான்.

சாம்பலும் வேப்பிலையும் உண்மையில் எங்க தேவை தெரியுமா? சொந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கிற வீட்டில். கடையில் வாங்குற கலப்பின மரக்கறி விதை அநேகமாக இறக்குமதி, பங்கசு மருந்து பூசி நிறத்தோடயே வரும். அதில் எடுத்த விதையை நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது, அதனால் ஒவ்வொரு போகமும் காசு குடுக்கவேணும். ரீலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விதைக்கிற கமக்காரர் இன்னும் இருக்கினம். விளைச்சல் குறைவு, அதனால் விலை கூடத்தான் இருக்கும். அந்த விலைக்கு மாசம் அஞ்சு கிலோ வாங்க நீங்க தயாரா? அதுக்குப் பதில் சொல்லிப்போட்டு ரீலைப் பகிருங்கோ.