பொதுப் பிரிண்டரும் ஓர் அமானிதமே

பத்திர எழுத்தர் அலுவலகம், உம்ரா பயண முகவர் நிலையம், தணிக்கையாளர் அறை, கிரிவலப் பயணிகள் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசை என்று திருவண்ணாமலையின் சிற்றலுவலகங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று நான்கு கணினிகளுக்கு நடுவே ஒரே ஒரு பிரிண்டர் இருக்கும். இதில் குறை ஏதுமில்லை. ஆளுக்கொன்று வாங்கி வைப்பதுதான் வீண்விரயம். ஆனால் அந்த ஒன்றை நாம் பகிர்ந்துகொள்ளும் முறை, பொதுப்பொருளுக்குரிய பொறுப்போடு அமைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பெரும்பாலும் நடப்பது இதுதான். பிரிண்டரை யு.எஸ்.பி. கம்பியால் ஒருவருடைய கணினியில் இணைத்து, விண்டோஸில் 'பகிர்' என்று குறித்துவிடுகிறோம். அன்று முதல் எல்லாருக்கும் உரிய கருவி ஒருவருடைய கணினியை நம்பியே வாழ்கிறது. அவர் விடுப்பில் போனால் மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும். பௌர்ணமியன்று நகருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடாக இருக்கும்போது, பழுது பார்ப்பவர் உடனே வந்து சேர்வார் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இம்முறையின் பலவீனம் 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் வெளிப்பட்டது. விண்டோஸின் அச்சுச் சேவையில் இருந்த, 'பிரிண்ட் நைட்மேர்' எனப்பட்ட ஓட்டை அவ்வாண்டின் நடுப்பகுதியில் தெரியவந்தது. அதே சேவையின் வேறொரு ஓட்டையை முழுமையாக அடைக்க, செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டது. அதன்பின் பல அலுவலகங்களில், பக்கத்துக் கணினியோடு இணைந்த பிரிண்டர் அச்சிட மறுத்தது. பலர் அந்தப் புதுப்பிப்பையே நீக்கினார்கள். வேறு சிலர் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிப் பாதுகாப்பை அணைத்து வைத்தார்கள். அச்சு வந்தது, காவல் போனது. அவசரத்துக்காகக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றியவர்கள் அதைத் திரும்பப் பொருத்த மறந்துவிடுவதுதான் வழக்கம்.

சரியான வழி கடினமானதன்று. பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருந்தால் அதை நேரே ரூட்டரோடு இணைக்க வேண்டும். ரூட்டரில் அதற்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். முகவரி மாறிக்கொண்டே இருந்தால், நன்றாக ஓடும் பிரிண்டரும் 'ஆஃப்லைன்' என்று காட்டும். பின்னர் ஒவ்வொரு கணினியிலும் அந்த முகவரியைக் கொண்டு பிரிண்டரைச் சேர்த்துவிட்டால், எவர் கணினி அணைந்திருந்தாலும் மற்றவர்களின் வேலை தடைப்படாது. யு.எஸ்.பி. மட்டுமே உள்ள பழைய பிரிண்டராயின், பிரிண்ட் சர்வர் என்னும் சிறு பெட்டியோ, லினக்ஸில் இயங்கும் பழைய கணினியோ போதும். 1999இல் வெளிவந்த 'கப்ஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணியை இன்றும் செய்கிறது.

இதுவரை சொன்னது வசதியைப் பற்றி. இனிச் சொல்வது அதைவிடக் கனமானது. பொதுப் பிரிண்டரின் தட்டில் வந்து விழுபவை யாருடைய தாள்கள்? ஆதார் நகல், கடவுச்சீட்டு, சொத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை, நிக்காஹ் பதிவுச் சான்று. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அந்தரங்கங்கள் அவை. எடுக்க மறந்த ஒரு தாள், வருவோர் போவோர் கண்ணில் படுகிறது. பிழையாக வந்த தாள் கிழிக்கப்படாமல் கடலை மடிக்கப் போகிறது.

தாளோடும் இது முடிவதில்லை. பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றின் உள்ளே வன்தட்டு உண்டு. அச்சிட்டவற்றின் படிமம் அதில் தங்கக்கூடும். நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை வன்தட்டை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்றை வாங்கிய சி.பி.எஸ். தொலைக்காட்சி, உள்ளே நோயாளிகளின் குறிப்புகள் இருப்பதைக் கண்டது. 3,44,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாகியிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. 2013இல் அது அமெரிக்க அரசுக்குச் செலுத்திய தொகை 12 லட்சம் டாலருக்கு மேல். நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் செய்ய வேண்டிய காரியமா இது? ஒருவர் கொடுத்து வைத்த பணத்தைப் பூட்டிக் காக்கும் நாம், அவர் கொடுத்த தாளைத் திறந்த தட்டில் விடலாகாது. பிரிண்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இரகசிய எண் தந்தால் மட்டும் அச்சிடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளரின் கைபேசிக்குத் தனி வைஃபை கொடுங்கள். நாள் முடிவில் தட்டைக் காலி செய்து, வேண்டாத தாள்களைக் கிழித்துப் போடுங்கள். இயந்திரத்தை விற்கும்போதும் திருப்பித் தரும்போதும் அதன் நினைவகத்தை அழித்த பின்னரே கைமாற்றுங்கள்.

பிரிண்டர் ஒன்றானாலும் அதன் வழியே செல்லும் உரிமைகள் பலருடையவை. அந்த உரிமைகளைக் காப்பவரிடமே மக்கள் நம்பித் தம் தாள்களைக் கொடுப்பார்கள். வியாபாரத்தில் பரக்கத்துக்கும் அதுவே வழி.