வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

"பிலிப்பினோவாகப் பிறந்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" மணிலாவின் படித்த வட்டாரங்களில் இதைச் சலிப்போடு கேட்பவர்கள் பலர். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிவிட்ட பிலிப்பினோக் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி எழுகிறது. ஊழல், வறுமை, ஒருசில குடும்பங்களின் கையில் சிக்கிய அரசியல், பிழைப்புக்காக நாட்டைவிட்டுப் போகும் இளைஞர்கள் என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். அந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

இந்த வாதத்துக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தது 1987-இல் 'தி அட்லாண்டிக்' இதழில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் எழுதிய கட்டுரை. பிலிப்பைன்ஸின் வறுமைக்கு வேர் அதன் சிதைந்த பண்பாடு, அங்கே தேச உணர்வே இல்லை என்றார் அவர். அந்தத் தீர்ப்பைப் பிலிப்பினோக்களே இன்றுவரை திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பண்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் கணக்கேட்டைப் பார்க்க வேண்டாமா? 1945-இல் மணிலா நகரம் போரில் தரைமட்டமானது. ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். மறு ஆண்டு விடுதலை கொடுத்த அமெரிக்கா, நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கர்களுக்கும் சம உரிமை தரும்படி அரசியலமைப்பைத் திருத்தச் சொன்னது. அதற்கு இணங்காதவரை போர் இழப்பீட்டில் 500 டாலருக்கு மேல் யாருக்கும் கிடையாது என்றது. இடிபாடுகளுக்கு நடுவில் நின்ற ஒரு மக்களிடம் வைக்கப்பட்ட நிபந்தனை இது.

அடுத்து சர்வாதிகாரி மார்கோஸின் காலம். பட்டான் மாகாணத்தில் மோரோங் கடற்கரையில் ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். செலவு 200 கோடி டாலருக்கும் மேல். மார்கோஸுக்கு நெருங்கிய ஒருவருக்குத் தரகுப்பணம் போனதை நீதிமன்றமே பின்னாளில் உறுதிசெய்தது. அந்த நிலையம் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தந்ததில்லை. ஆனால் அதற்காக வாங்கிய கடனை நாடு 2007 வரை அடைத்துக்கொண்டிருந்தது. வரவு செலவுத் திட்டத்தில் கடன் தவணைக்குத் தானாகவே பணம் ஒதுக்கும்படி 1977-இல் மார்கோஸ் போட்ட ஆணையின் ஏற்பாடு அவருக்குப் பிறகும் நீடித்தது. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. இதில் ஒரு விவசாயியின் பண்பாடு எங்கே பழுதாகிவிட்டது?

"முந்நூறு ஆண்டு ஸ்பெயின், ஐம்பது ஆண்டு அமெரிக்கா. பெயர்கூட ஸ்பானிய மன்னன் பிலிப்புடையது. சொந்தமாக என்ன இருக்கிறது?" என்பது இன்னொரு வாதம். இதற்குப் பதில் புலாக்கான் மாகாணத்து மலோலோஸ் ஊரில் இருக்கிறது. 1888 டிசம்பரில் அவ்வூரின் இளம்பெண்கள் இருபது பேர், தங்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்க இரவுப் பள்ளி வேண்டும் என்று கேட்டுத் தலைமை ஆளுநர் வெய்லரிடம் நேரில் மனுக் கொடுத்தார்கள். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார். பெண்கள் விடவில்லை, பள்ளி வந்தது. ஐரோப்பாவில் இருந்த எழுத்தாளர் ஹொசே ரிசால் அவர்களைப் பாராட்டித் தாகலோக் மொழியில் நீண்ட கடிதம் எழுதினார். அடுத்த பத்தாண்டுக்குள் அதே ஊரின் பராசோயின் தேவாலயத்தில் கூடிய பேரவை ஓர் அரசியலமைப்பை எழுதி முடித்தது. 1899 ஜனவரியில் குடியரசு பிறந்தது. ஆசியாவின் பெரும்பகுதி அந்நியர் கொடியின்கீழ் இருந்த காலம் அது. அமெரிக்கப் படை அந்தக் குடியரசை நசுக்கியது உண்மை. நசுக்கப்பட்டதால் அது பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? 1991 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கப் படைத்தள ஒப்பந்தத்தைப் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற வாக்கில் நிராகரித்த செனட்டும் இதே நாட்டினுடையதுதான்.

"நல்ல நாடாக இருந்தால் ஏன் இத்தனை பேர் ஓடிப்போகிறார்கள்?" வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்த தமிழர்கள், பக்கத்து அறையில் இருந்த பிலிப்பினோச் செவிலியரை எண்ணிப் பார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்புவதை அரசின் திட்டமாக்கியது 1974-இன் தொழிலாளர் சட்டம். வீட்டுக்குப் பணம் அனுப்பப் போகிறவரை நாட்டைத் துறந்தவர் என்று எப்படிச் சொல்வது? ஆண்டுக்கு 3000 கோடி டாலருக்கு மேல் ஊருக்கு வருகிறது. 1995 மார்ச்சில் ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியோன் என்ற வீட்டுப் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது நாடே தெருவுக்கு வந்தது. வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். மூன்றே மாதத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முகம் தெரியாத ஒரு பெண்ணைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்த மக்களிடம் தேச உணர்வு இல்லையாம்!

மிகவும் வலிக்கும் வாதம், 2022-ஐச் சுட்டுவது. 1986 பிப்ரவரியில் எட்சா நெடுஞ்சாலையில் பீரங்கி வண்டிகளுக்கு முன்னால் மக்கள் ஜெபமாலையோடு நின்று சர்வாதிகாரி மார்கோஸை விரட்டினார்கள். முப்பத்தாறு ஆண்டு கழித்து அவர் மகனை மூன்று கோடிக்கும் மேலான வாக்குகளில் அதிபராக்கினார்கள். இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு மக்களின் பெருமை அவர்கள் எல்லாத் தேர்தலிலும் சரியாக வாக்களித்தார்களா என்பதில் நிற்கிறது என்றால், உலகில் எந்த மக்களுக்கும் பெருமை மிஞ்சாது. 1986 தேர்தலில் வாக்கு எண்ணிக்கையில் மோசடி நடக்கிறது என்று தெரிந்ததும் தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் எழுந்து வெளியேறினார்கள். சர்வாதிகாரியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே செய்தார்கள். மார்கோஸின் ராணுவச் சட்டக் கொடுமைக்கு ஆளான 11,103 பேரைச் சட்டப்படி அடையாளம் கண்டு, சுவிஸ் வங்கிகளிலிருந்து மீட்ட மார்கோஸ் பணத்திலிருந்தே இழப்பீடு கொடுத்ததும் இதே நாடு. எந்தத் தேர்தல் முடிவும் அந்த வரலாற்றை அழித்துவிடவில்லை.

கடைசி வாதத்தில் பாதி நியாயம் உண்டு. பெருமை குறைகளை மூடிவிடும் என்கிறார்கள். 2013 நவம்பரில் ஹையான் புயல் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும், வெள்ளத்தில் நின்று சிரிக்கும் முகங்களைக் காட்டி மக்களின் மனவலிமையைப் புகழ்வது அரசுக்கு வசதியாகிவிட்டது. அந்தப் புகழ்ச்சி எனக்கும் கசக்கிறது. ஆனால் பிலிப்பினோ என்ற உணர்வை உருவாக்கியவர்கள் குறைகளை மூடியவர்கள் அல்லர். ரிசால் 1887-இல் வெளியிட்ட 'நோலி மே தாங்ஹெரெ' நாவலின் காணிக்கையுரையிலேயே தாய்நாட்டின் நோயைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அதை மறைக்காமல் வெளியே காட்டுவேன் என்றார். பாதிரிமாரின் அட்டூழியத்தையும் தன் மக்களின் பலவீனத்தையும் ஒன்றாக எழுதினார். 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய ஆட்சியினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்டின் தேசப்பற்று தன் குறைகளைப் பேசித்தான் தொடங்கியது.

இப்போதும் அப்படியே. 2025-இல் வெள்ளத்தடுப்புப் பணிகளில் நடந்த கொள்ளை அம்பலமானது. மலோலோஸ் இருக்கும் அதே புலாக்கானில், பாலியுவாக் ஊரில் 5.5 கோடி பெசோவுக்குக் கட்டி முடித்ததாகக் காகிதம் சொன்ன ஆற்றுக்கரைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. முன்னதாக ஜூலையில் நாடாளுமன்றத்தில் பேசிய அதிபரே, மக்கள் பணத்தைத் தின்றவர்களைப் பார்த்து வெட்கப்படச் சொல்லியிருந்தார். வெட்கம் போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான். வெள்ளநீரில் நடந்து பள்ளிக்குப் போகும் புலாக்கான் பிள்ளைக்குத் தன் நாட்டின் பெயரால் தலைகுனிய ஒரு காரணமும் இல்லை. செப்டம்பர் 21-ஆம் தேதி, ராணுவச் சட்டத்தின் நினைவுநாளில், ரிசால் சுடப்பட்ட லுனெட்டாத் திடலிலும் எட்சாவிலும் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மாணவர்கள், கன்னியாஸ்திரீகள், குழந்தைகளோடு வந்த பெற்றோர் என்று பலரும் தேசியக் கொடியோடு நின்றார்கள். கொள்ளை போன பணம் திரும்ப வேண்டும், கொள்ளையடித்தவர்கள் சிறைக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள்.