அக்கவுண்ட்டை அழிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

"உங்கள் மெயில் அக்கவுண்ட் கெட்டுப் போய்விட்டது. அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகப் போட்டுத் தருகிறோம்." அலுவலகங்களிலும் சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்களிலும் இந்தப் பதில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் சரி என்று தலையாட்டி விடுகிறார்கள். என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

சர்வரில் உள்ள மெயில் அக்கவுண்ட் ஒரே பொருள் அல்ல. யூசர் நேம், பாஸ்வேர்ட் ஓரிடத்தில் இருக்கும். மெயில்கள் வேறு பைல்களில் இருக்கும். எந்த மெயில் எங்கே உள்ளது, எதைப் படித்துவிட்டீர்கள் என்ற குறிப்புகள் இண்டெக்ஸ் பைல்களில் இருக்கும். டிஸ்க் நிறைந்து போனாலோ, சர்வர் திடீரென நின்றாலோ இந்த இண்டெக்ஸ் எளிதில் கெட்டுவிடும். அப்போது இன்பாக்ஸ் காலியாகத் தெரியலாம். மெயில்கள் பத்திரமாகவே இருக்கும். பொருளடக்கம் கிழிந்துவிட்டது என்பதற்காகப் புத்தகத்தையே பழைய பேப்பர் கடையில் போடுவோமா?

இதைச் சரி செய்யும் வசதி சர்வர் புரோகிராம்களிலேயே உண்டு. டவ்காட் சர்வரில் 'போர்ஸ் ரீசிங்க்', சைரஸ் சர்வரில் 'ரீகன்ஸ்ட்ரக்ட்' என்ற கட்டளைகள் இண்டெக்ஸைத் திரும்ப உருவாக்குகின்றன. மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் 2010 சர்வீஸ் பேக் 1 முதல், சர்வரை நிறுத்தாமலேயே ஒரு மெயில் பாக்ஸை மட்டும் ரிப்பேர் செய்ய முடிகிறது. முதலில் பைல்களுக்கு ஒரு நகல், அடுத்து ரிப்பேர். இரண்டும் பலிக்காத பிறகுதான் அழிக்கும் பேச்சு. அழிப்பது வேகமான வேலை என்பதால் இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாகிறது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. ஐமேப் முறையில் மெயில் பார்த்தால், சர்வரில் உள்ளதுதான் உங்கள் திரையிலும். அங்கே காலியான புது அக்கவுண்ட் வந்தால், உங்கள் மெயில் புரோகிராம் அதைப் பார்த்து இங்கே உள்ள நகலையும் துடைத்துவிடும். எனவே, கோளாறு என்று தெரிந்தவுடன் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். தண்டர்பேர்ட் என்றால், முழுதாக இறங்கியுள்ள மெயில்களை 'லோக்கல் போல்டர்ஸ்' பகுதிக்குக் காப்பி செய்த பிறகே மீண்டும் இணையுங்கள். பாப் முறையில் இறக்கியவை உங்கள் டிஸ்கிலேயே தங்கும். அந்தப் பழைய முறைக்கு இந்த ஒரு பெருமை உண்டு.

பெரிய நிறுவனத்தில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு 2011 பிப்ரவரி நினைவிருக்கட்டும். ஸ்டோரேஜ் சாப்ட்வேர் அப்டேட் ஒன்றில் இருந்த பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்கு மெயில்கள் மாயமாயின. பல டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களும் பாதிக்கப்பட்டன. கடைசியில் கை கொடுத்தது, சர்வரோடு இணைக்கப்படாமல் தனியே இருந்த டேப் பேக்கப்.

வீட்டில் நமக்கு டேப் தேவையில்லை. கூகுள் டேக்அவுட் தளத்தில் ஜிமெயிலை மட்டும் டிக் செய்தால் எல்லா மெயில்களும் எம்பாக்ஸ் பைலாகக் கிடைக்கும். மெயில் அதிகம் இருந்தால், தயாராக ஓரிரு நாட்கள் கூட ஆகலாம். டவுன்லோட் லிங்க் சில நாட்களே செல்லும். வந்தவுடன் இறக்கி, வெளியே கழற்றி வைக்கக்கூடிய டிஸ்கில் போட்டுவிடுங்கள்.