வாவி கெட்டபின் இறால் ஏது?

கிழக்கின் வாவிகளில் இறாலும் மீனும் வளர்த்துச் செல்வம் திரட்டலாம் என்ற முழக்கம் மீண்டும் மீண்டும் எழுகிறது. மேடை ஏறுவோர் அந்நியச் செலாவணியைப் பேசுகின்றனர், வேலைவாய்ப்பைப் பேசுகின்றனர். இறால் மூச்சுவிடும் நீரைப் பற்றி மட்டும் வாய் திறப்பாரில்லை! நீரைப் பேசாது மீன்வளர்ப்பைப் பேசுவது, நிலத்தைப் பாராது விதைப்பதை ஒக்கும்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடு, பெரியகல்லாறு ஆகிய இரண்டு வாயில்களிலேதான் அது கடலைச் சேர்கிறது. மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால், வாவியில் விழுந்த கழிவு வாவியிலேயே கிடக்கும். முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா என்று மாரிதோறும் வயல்காரரும் தோணிக்காரரும் முரண்படுவதை யார் அறியார்? இத்தகைய நீர்நிலையின் கரையில் நூறு குளங்களைத் தோண்டி, அவற்றின் கழிவையும் அதற்குள்ளேயே திறந்துவிட்டால் விளைவு என்ன?

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிலாபத்திலும் புத்தளத்திலும் நடந்ததைப் பார்ப்போம். அங்கே இறாற்பண்ணைகள் ஒல்லாந்தர் வாய்க்காலிலும் அதனைச் சார்ந்த களப்புகளிலும் நீரை இறைத்தன. கழிவையும் அங்கேயே கொட்டின. ஒருவன் வெளியேற்றிய நீர் அடுத்தவனுக்கு உள்நீராயிற்று. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் புகுந்தது. 1998இல் மீண்டும் தாக்கியது. நோய் கண்ட குளத்தில் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் இறால் முழுவதும் மடியும். பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இலாபம் கண்டவர் போய்விட்டனர். உப்பேறிய நிலம் ஊராருக்கு எஞ்சியது.

இது விதியின் கொடுமையன்று, கணக்கு. இறாலுக்கு இடும் தீனியிலுள்ள நைதரசனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அறுவடையில் திரும்புகிறது. மிகுதி குளத்தில் அழுகி அமோனியாவாகிறது. அதனை உண்டு பாசி பெருகும். இரவில் அதே பாசி நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சும். ஒரு லீற்றர் நீரில் நாலு மில்லிகிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய ஒட்சிசன், விடியுமுன்னர் இரண்டுக்கும் கீழே இறங்கினால் இறால் மடியக்கூடும். மட்டியும் சிப்பியும் நீரை வடித்து உண்பவை. மலக்கழிவிலுள்ள கிருமிகள் அவற்றின் உடலிலே சேர்ந்து, உண்பவன் வயிற்றுக்கு வருகின்றன.

பாக்கு நீரிணைக்கு அப்பால், நாகைக் கரையில் இதே கொடுமையை எதிர்த்தவர் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன். அவர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11இல் இந்திய உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை வலயத்தில் அமைந்த இறாற்குளங்களை அகற்றவும், கெடுத்தவரே நட்டத்தை ஈடுசெய்யவும் தீர்ப்பளித்தது. அத்தடையை 2005இல் பாராளுமன்றமே சட்டமியற்றித் தளர்த்தியது. தீர்ப்பு மட்டும் போதாது, மக்கள் விழிப்பும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

பழி முழுவதையும் பிறர்மேல் போட்டு நாம் ஒதுங்கிவிட முடியுமா? கல் ஓயா இடதுகரை வயல்களில் வார்க்கும் பூச்சிநஞ்சு வடிகால் வழியே வாவியைச் சேர்கிறது. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகளே. சாய்ந்தமருதுத் தோணா வெள்ளநீர் கடலேற இயற்கை வகுத்த வழி. அதனைக் குப்பைக் கிடங்காக்கியது எந்தக் கொழும்புக் கம்பனி? நாமே!

மீன்வளர்ப்புக்கு நாம் எதிரிகள் என்று சிலர் கூறக்கூடும். அல்ல. இப்பகுதி இளைஞர்களுக்குத் தொழில் வேண்டும். அத்தொழில் பத்தாண்டில் பாழாகாதிருக்கவும் வேண்டும். எனவே கேட்கிறோம்: நீர் புகும் வாய்க்காலும் கழிவு போகும் வாய்க்காலும் வேறுவேறாக அமையாத பண்ணைக்கு அனுமதி எதற்கு? கழிவு நீரைத் தேக்கித் தெளியவைக்கும் குளம் இல்லாத இடத்தில் இறாற்குஞ்சு விடுவது எப்படி? நீர்ச் சோதனை முடிவுகளைத் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசல், கோயில் வாசல்களிலும் ஒட்டினால் யாருக்கு என்ன நட்டம்?

நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தாள்களில் ஒப்பமிடுவதோடு கடமை முடிந்ததெனக் கருதலாகாது. அனுமதி வழங்கும் சபையிலே வயல்காரரும் தோணிக்காரரும் சமமாக அமர வேண்டும். படித்த பெருமக்களே, பொறியியலாளர்களே, வைத்தியர்களே! உங்கள் அறிவு இவ்வூருக்கு உரியது. குளம் தோண்டுமுன் வந்து நீரை அளந்து பாருங்கள். அளந்ததை ஊரறியச் சொல்லுங்கள். வாவி எவருடைய தனிச்சொத்துமன்று. அதனை விற்கும் உரிமை எந்த ஆட்சிக்கும் இல்லை; கெடுக்கும் உரிமை நமக்கும் இல்லை.