மரம் தாங்கும் மாடி

புதுச்சேரி நகரின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் குடியிருப்பாக வளர்ந்த தெருக்களில் பழைய வீடொன்றினுள் நுழைபவர், ஒருகணம் தலை நிமிர்ந்து மேற்கூரையைப் பார்த்தல் நன்று. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள் ஓடும். அவற்றின்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள் அமைந்திருக்கும். கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கியிருப்பர். அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள் உள்ளன. செங்கற்சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் ஒன்று. மழைநீர் இறங்காதிருக்கப் பதித்த தட்டோடு மற்றொன்று. 'மெட்ராஸ் டெரஸ்' எனக் கட்டடக் கலைஞர் குறிப்பிடுவது இதனையே. வாய்க்காலின் கிழக்கே பிரெஞ்சுக்காரர் எழுப்பிய மாளிகைகளிலும் இதே கூரையைக் காணலாம். முகப்புகள் வேறுபட்டன, கூரை வேறுபடவில்லை.

கனடாவிலும் ஜப்பானிலும் வீட்டின் எலும்புக்கூடே மரம். சுவர் அதன்மேல் போர்த்திய தோல். புதுச்சேரியிலோ சுவர் தடித்த செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. மரம் கூரையையும், முற்றத்துத் தூண்களையும், தெருவோரம் வழிப்போக்கருக்கு நிழல் தரும் தாழ்வாரத்தையும் தாங்கியது. வெயிலும் ஈரமும் கறையானும் மிகுந்த ஊருக்கு இதுவே பொருந்திய பங்கீடு.

இன்று அவ்விடத்தைக் கம்பியிட்ட கான்கிரீட் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணங்கள் உண்டு. தேக்கின் விலை எளியோர்க்கு எட்டாது. கான்கிரீட்டில் கூடம் அகலமாகும்; மாடிமேல் மாடி எழும்; வேலையும் விரைவில் முடியும். இவற்றை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் கடலோர ஊரில் கேட்டே ஆகவேண்டிய வினா ஒன்றுண்டு: எந்தக் கூரையைப் பழுது பார்க்க முடியும்?

கடற்காற்றில் கலந்த உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே கேடு முற்றியிருக்கும். மரமும் குற்றமற்றதன்று, சுவருக்குள் புதைந்த உத்திர நுனி ஈரத்தால் உளுத்துப்போகும், கறையானும் ஓசையின்றித் தின்னும். ஆனால் தச்சர் தட்டிப் பார்த்தே அதை அறிந்துவிடுவார். அருகில் முட்டுக் கொடுத்து, கெட்ட கட்டையை மட்டும் உருவி, புதியதைச் செருகலாம். கூரையின் ஏனைய பகுதி அப்படியே நிற்கும். கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றிய தளத்தில் இவ்வாறு ஓர் உறுப்பைத் தனியே கழற்றி மாற்ற இயலாது.

பழைய கட்டடம் இடிந்தால் பழைய முறையின்மீது பழி விழுவது வழக்கம். 1870-71இல் கடற்கரையில் எழுந்த 'மேரி' என்னும் நகர மன்றக் கட்டடம், பழுது நீக்கப்படாமல் நெடுங்காலம் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அங்கே தோற்றது பராமரிப்பே. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021இல் திறந்துவைத்தனர். பழுது பார்க்க ஆகியிருக்கும் செலவு இதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம்.

கவனமிருந்தால் கான்கிரீட்டும் நிலைக்கும் என்பதற்கும் இந்நகரிலேயே சான்றுண்டு. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கிய 'கோல்கொண்டா' விடுதி, இந்தியாவின் தொடக்கக்காலக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. அது இன்றும் பொலிவோடு விளங்குகிறது. அதன் கட்டுமானப் பணியில் உடனிருந்த ஜார்ஜ் நாகஷிமா, பின்னாளில் உலகறிந்த மரக்கலைஞரானார் என்பது சுவையான செய்தி. அக்கட்டடத்தின் அறைக் கதவுகளும் தேக்கினால் ஆனவையே.

இடிப்பது ஒன்றே வழியன்று என்பதற்கு வைசியாள் வீதி சான்று. தாழ்வாரமும் திண்ணையுமாக அத்தெரு வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. எனினும் விருது முகப்புக்குக் கிடைக்கிறது. ஒழுகும் மாடியின் செலவு வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. பங்காளிகள் பலருக்கு உரிமையான வீட்டில் ஓர் உத்திரம் மாற்றக்கூட அனைவரும் ஒப்ப வேண்டும். ஒப்புவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுகிறது. சுண்ணாம்புத் தளம் அடிக்கத் தெரிந்த கொத்தனார்களும் அருகி வருகின்றனர். பழுது பார்க்க எளிய கடனும், இளைய கொத்தனார்க்கும் தச்சர்க்கும் கூலியோடு கூடிய பயிற்சியும் இப்போதே தொடங்கப்பட்டால், அவ்வீதிகளின் உத்திரங்களுள் பெரும்பாலானவற்றை இன்னும் காப்பாற்ற முடியும்.