தூணை வாங்கி வீட்டுக்கு அழுவோர்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் என்று ஒப்பித்துவிட்டு நகர்கின்றனர். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் இது கட்டடக்கலை பற்றிய பேச்சாகாது, வெறும் விலைப்பட்டியல்.

அவ்வீடுகளின் கலை அவற்றின் அமைப்பில் இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் நீளம். வளவைச் சுற்றி மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. ஓட்டில் வழியும் மழையை ஏந்திக்கொள்ளும் முற்றம். வறண்ட நிலத்தில் நீரையும் நிழலையும் உறவையும் பங்கிட்ட கணக்கு அது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்று அக்கணக்கு தூண், நிலை, கதவு என உதிரியாகக் கிடக்கிறது.

வாரிசுகளைப் பழிப்பது எளிது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்போடு பர்மா வருவாய் முறிந்தது. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டைப் பழுதுபார்க்க அத்தனை பேரும் ஒப்பவேண்டும். விற்பவர்க்கு நெருக்கடி உண்டு. வாங்கும் நமக்கு என்ன நெருக்கடி? அடுக்கக வீட்டுக் கூடத்தில் தேக்குத் தூணொன்றை நிறுத்தி, அதனடியில் அமர்ந்து அழியும் மரபுக்கு இரங்கற்பா எழுதுகிறோம்!

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் சேர்க்கப்பட்டன. பட்டியல் எந்த ஓட்டையும் மாற்றித் தராது. மரபை நேசிப்பதாகச் சொல்லும் நாம் முதலில் வாங்குவதை நிறுத்துவோம். தூணுக்கு விலை இல்லையெனில் வீட்டை இடிக்க ஒரு காரணமாவது குறையும்.