மழைக்கு அஞ்சாத பொம்மை மாளிகை

ஆனி, ஆடி மாதத்து மழையைப் பற்றி ஹற்றன் பகுதித் தோட்டங்களில் வாழும் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் நம் குழந்தைகள் லயத்து அறைக்குள் அடைபட்டுக் கிடப்பர். நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா எழில் மிக்கதே. எனினும் அதுவும் திறந்த வெளியன்றோ! கூரையின் கீழேயே அமைந்த கேளிக்கை உலகொன்றின் வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம்.

ஜப்பானில் ஷிந்தாரோ சுஜி என்பார் 1960இல் சிறு வணிக நிலையமொன்றைத் தொடங்கினார். ரப்பர் செருப்புகளில் பூக்களை வரைந்து விற்றபோது அவை நன்கு விலைபோயின. அன்றாடப் பொருளிலே சிறிது அழகு சேர்ந்தால் மக்கள் மனம் மலரும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1973இல் அந்நிலையம் சான்ரியோ எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டில் யூகோ ஷிமிசு என்னும் நங்கை ஹலோ கிட்டி என்ற உருவத்தைப் படைத்தார். 1975இல் அது ஒரு சிறுமியின் சில்லறைப் பையில் படமாக வெளிவந்து, விரைவில் பிள்ளைகளின் உள்ளங்கவர்ந்தது.

அச்சிறு பையிலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் ஒரு மாளிகை எழுந்தது. டோக்கியோவின் மேற்கே தாமா நகரில், 1990 டிசம்பர் 7ஆம் நாள், பியூரோலாந்து திறக்கப்பட்டது. நடுவே ஞானமரம், அதனைச் சுற்றி ஊர்வலம், பாத்திரங்களின் உலகினூடே படகுப் பயணம். மழையாயினும் பனியாயினும் அங்கே ஆட்டம் கலைவதில்லை.

ஆயினும் கூரை மட்டும் கூட்டத்தைக் காக்குமா? காலப்போக்கில் வருவோர் தொகை குறைந்தது. 2014இல் ஆலோசகராக வந்த ஆயா கோமாகி அம்மையார் முதலில் ஊழியர்களின் மனச்சோர்வையே கவனித்தார். நாள்தோறும் வேலை தொடங்குமுன் அவர்கள் கூடிப் பேசி முகமலர்ச்சியுடன் பணிக்குச் செல்ல வழி செய்தார். சில ஆண்டுகளில் வருவோர் தொகை ஆண்டுக்கு 20 இலட்சத்தைத் தாண்டிற்று. மாறாக, மலேசியாவின் ஜொகூரில் 2012இல் இதே பாத்திரத்தைக் கொண்டு எழுந்த உள்ளரங்கப் பூங்கா, 2019 முடிவில் மூடப்பட்டது. கட்டடம் எழுப்புதல் எளிது. அதில் உயிர் நிலைக்கச் செய்தலே அரிது.

அத்தகைய மாளிகை எழுப்பும் செல்வம் நம்மிடம் இல்லை. ஆனால், பாத்திரங்களுக்கு நமக்கு என்ன குறை? காமனும் ரதியும், பொன்னரும் சங்கரும், தவமிருக்கும் அருச்சுனனும் தலைமுறை தலைமுறையாக நம் தோட்டங்களில் ஆடி வருகின்றனர். ஹலோ கிட்டியை அறிந்த நம் பிள்ளைகளுள் ரதியின் கதையை முழுதும் சொல்லவல்லார் எத்தனை பேர்?

அடைமழை பெய்யும் ஒரு ஞாயிறன்று, பாடசாலை மண்டபத்துக் கதவைத் திறந்து, தோட்டத்து மூத்த கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்துவோம். ஒரு சில்லறைப் பையிலிருந்து மாளிகை எழுந்ததெனில், ஒரு தப்பின் ஒலியிலிருந்து என்னதான் எழாது?